மூன்று விரல்

விரலை எண்ணுங்கள் என்று எழுதியவள் நான்தான்.
திருக்கடலூர்ச் சங்கக் கட்டடத்தில்
ஐஸ் விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில்
நாலு ஊசியில் இன்னும் தொங்குகிறது அந்தத் தாள்:

விரலை எண்ணுங்கள். காதைப் பாருங்கள்.
படகு இலக்கம் உருகி வழிகிறதா?
காட்சியும் சத்தமும் ஒன்றாய் வருகிறதா?
வராவிட்டால் பகிர வேண்டாம்.

அதற்கு முதல் வாரம்தான்
கோணமலை அடியில் ஒதுங்கிய திமிங்கிலம்
மனிசக் குரலில் அழும் வீடியோ வந்தது.
பாதி ஊர் ஆட்டோ பிடித்துப் போனது.
அங்கே
மான் ஒன்று லஞ்ச் சீற்றைத் தின்றுகொண்டு நின்றதாம்.

பிறகு இன்னொன்று. உப்புவெளியில்
சூரியன் கடலுக்குள் இறங்குகிறது.
கூட்டத்தில் கேட்டேன்,
உப்புவெளிக் கடல் சூரியனைக் கக்கித்தானே பார்த்திருக்கிறோம்,
ஒருநாளாவது விழுங்கியதுண்டா?
பெண்டுகள் சிரித்தார்கள்.
கடைசி வரிசையில் ஜெசிந்தா மட்டும்
தன் விரல்களை ஒருக்கால் எண்ணிப் பார்த்தாள்.

ஆவணிக் கடைசி. புறாமலைக்கு இந்தப் பக்கம்.
துணைக்கு வந்தவன் காய்ச்சலில் படுத்துவிட,
அண்ணனின் வள்ளத்தில் கணவாய்க்கு நானும்.
வடிவாய் விடியவில்லை.

முதலில் உள்ளங்காலுக்குத் தெரிந்தது,
பலகை ஒருக்கால் துள்ளியது.
பிறகு கண்ணுக்கு. தூரத்தில் தண்ணீர்
வெள்ளையாய் எழும்பி நின்றது.
காதுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் பிந்தி.

இரண்டாவது வெடிக்கு
ஃபோன் கையில் இருந்தது.

சூடையும் கும்பளாவும் வயிறு வானம் பார்க்க
கண் திறந்தபடி மிதந்து வந்தன.
கூடவே அந்த வள்ளமும் திரும்பி, கிட்ட, இன்னும் கிட்ட.
"எடுக்காதையுங்கோ அக்கா."
லென்ஸை மூட ஒரு கை நீண்டது.

நித்தியசீலன்.
பெருவிரல், சுட்டுவிரல், சின்னவிரல்.
நடுவில் இரண்டு இல்லை.
எந்த வருடம், எந்தத் திரி
கட்டையாய்ப் போனதில் போனதென்று
எங்கள் ஒழுங்கையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

கந்தோரில் உத்தியோகத்தர் மூன்று தரம் பார்த்தார்.
நல்ல மனுசன், குடிக்கத் தண்ணீர் தந்தார்.
"மிஸ், உங்கட பேப்பர் என்னட்டையும் இருக்கு.
சத்தம் ஒரு செக்கன் பிந்துது.
கையைப் பாருங்கோ, மூண்டு விரல்.
இது கொம்பியூட்டர் செய்தது."

சத்தம் பிந்துவது தூரம், ஐயா.
விரல் குறைந்தது வெடி, ஐயா.
வேண்டுமென்றால் ஆளையே கூட்டி வரட்டுமா?

அவர் என் தாளை மேசையில் விரித்து
முதல் வரிக்குக் கீழே
ரூளர் வைத்துச் சிவப்புக் கோடு போட்டார்.
நம்பவில்லையா, நம்ப வசதிப்படவில்லையா,
அதைக் கண்டுபிடிக்க
என் தாளில் வரி இல்லை.

வெளியே வந்து படியில் நின்று
நானே இன்னொருக்கால் போட்டுப் பார்த்தேன்.
வெயிலில் திரை மங்கல்.
ஒரு கணம்,
வெட்கத்தோடுதான் சொல்கிறேன்,
அந்தக் கை எனக்கும் செய்ததுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஐஸ் எடுக்கிற இடத்தில்
அவன் எனக்கு முன்னால் நின்றான்.
மிச்சக் காசை முதலாளி
அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார்,
நூறு, இருநூறு, இருநூற்றைம்பது.
ஒன்றும் கீழே விழவில்லை.

திரும்பி என்னைக் கண்டான்.
கோபமில்லை. ஒரு மாதிரியான சிரிப்பு.
"அக்கா, உங்கட பேப்பரின்படி
நான் இல்லையாமே."

கட்டியைச் சாக்கில் சுற்றித்
தோளில் ஏற்றிக்கொண்டு போனான்.
பிடித்த கையின் இடைவெளியால்
தண்ணீர் ஒழுகித் தார் றோட்டில் விழுந்தது.
பழக்கதோஷம், எண்ணினேன்.
அவன் சைக்கிள் மட்டும்
பதினேழு சொட்டு.
பதினெட்டாவது விழுவதற்குள்
முதலாவது காய்ந்திருந்தது.